காளிக்குச் சம்பளம் இல்லை

தூத்துக்குடியில் சூரியன் கடலுக்குள் இறங்காது. கிழக்குக் கரை அல்லவா, காலையில் கடலில் எழும்பிச் சாயங்காலம் ஊருக்குப் பின்னால் போய் விழும். கன்னியாகுமரி நினைப்போடு வருகிறவர்கள் நாலு மணிக்கே ரோச் பூங்காப் பக்கம் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கறுத்துப்போகும், அதோடு சரி. அஸ்தமனம்தான் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போக வேண்டும். இதைப் பயண ஏற்பாட்டாளர் யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

துறைமுகத்துக்கு எப்போதாவது ஒரு சொகுசுக் கப்பல் வரும். இறங்குகிற வெள்ளைக்காரப் பயணிகளுக்கு மாலை, பொட்டு, நாதஸ்வரம். பிறகு ஏசி பேருந்து, ஒரு கோயில், ஒரு சர்ச், ஏதாவது ஓட்டலில் அரை மணி நேர பரதநாட்டியம், பஃபே சாப்பாடு, திரும்பவும் கப்பல். மாலைச் சுற்றுலா, பாரம்பரிய நடனம், இரவு உணவு மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இதைக் கேலிசெய்வது சுலபம். எனக்கு மனசில்லை. எட்டு வயதில் அடவு பழக ஆரம்பித்த ஒரு பெண் இருபது வயதில் அரை மணி நேரம் ஆடி நாலு காசு பார்ப்பதில் என்ன குறை? எனக்கும் அந்த மூன்றும் வேண்டியிருந்தன. ஆனால் நான் போனது தசரா நேரம். அந்தப் பத்து நாளும் தூத்துக்குடி மாவட்டத்தில் நடனம் பார்க்க ஓட்டலுக்குப் போகத் தேவையில்லை.

கார் ஓட்டவந்த தம்பி சிவப்பு வேட்டி, கழுத்தில் பாசிமாலை, மணிக்கட்டில் காப்பு. வண்டியில் ஏறியதுமே சொல்லிவிட்டார்: “அண்ணாச்சி, நான் காப்பு கெட்டியிருக்கேன். வழியில மீன் சாப்பாட்டுக் கடையில நிறுத்தச் சொல்லாதிய. சொன்னாலும் நிறுத்துவேன், நீங்க மட்டும் போயிட்டு வந்திரணும்.”

முதலில் பழைய துறைமுகம். புதிய துறைமுகம் தெற்கே தள்ளி, முயல் தீவை ஒட்டி இருக்கிறது. 1974-இல் அதைப் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். 2011-இல் வ.உ.சி. பெயரைச் சூட்டினார்கள். அங்கே கன்டெய்னர், நிலக்கரி, கிரேன். மனிதனுக்கு அங்கே பார்க்க அதிகமில்லை. பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்கின்றன. மரத்தால் செய்த, வயிறு பெருத்த தோணிகள். இப்போது எல்லாவற்றிலும் எஞ்சின் உண்டு. மாலத்தீவுக்குக் காய்கறி, மளிகை, வீடு கட்டுகிற சாமான்கள் என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே கடலுக்கு மேலே குடிசை போட்டு, ஓர் இரவுக்கு நம் ஊர் மாதச் சம்பளத்தை வாடகையாக வாங்குகிறார்களே, அந்தச் சமையலறைகளுக்குப் போகிற வெங்காயத்தில் கொஞ்சம் இந்தத் தோணிகளில்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையில் ரயிலேறித் தூத்துக்குடி வந்து, இங்கே கப்பல் பிடித்தார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. 2011 ஜூனில் கொழும்புக்கு மறுபடி ஒரு பயணிக் கப்பல் விட்டார்கள். சில மாதங்களில் நின்றுபோயிற்று. கப்பல் விடுவதும் நின்றுபோவதும் இந்த ஊருக்குப் பழக்கம். 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவசமாகவே ஏற்றிப்போகத் தயாரானது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1908 மார்ச்சில் அவரைக் கைதுசெய்தார்கள். கம்பெனியும் கொஞ்ச காலத்தில் முடிந்தது.

அதே 1906-இல் எதிர்க்கரையில் வேறொரு கம்பெனி நுழைந்தது. இலங்கை முத்துப்பார்களை இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தது லண்டனில் பதிவான ஒரு முத்துக் கம்பெனி. அதற்கு முந்தின வருஷம் மறிச்சுக்கட்டியில் முத்து கொட்டிக்கொட்டிக் கிடைத்திருந்தது, அந்த ஆசை. குத்தகை எடுத்த கொஞ்ச நாளில் பார்கள் வெறிச்சோடிவிட்டன. லண்டன்காரர்களுக்கும் பங்கு வாங்கிய காசு கடலில்தான் போயிற்று. மன்னார் வளைகுடா ஆள் பார்த்து ஏமாற்றாது.

பனிமய மாதா கோயிலுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. மாதாவின் சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். இப்போதிருக்கிற கோயில் 1713-இல் கட்டியது. 1982-இல் பசிலிக்கா ஆனது. ஆகஸ்ட் 5 திருவிழா. அதற்கு எல்லா வருஷமும் தங்கத்தேர் ஓடாது. 1806-இல் முதன்முதலாக ஓடிய தேர், அதற்குப் பிறகு முக்கியமான வருஷங்களில் மட்டும் ஓடியிருக்கிறது. ஒரு தலைமுறையில் சிலருக்கு ஒருமுறையோ இருமுறையோதான் பார்க்க வாய்க்கும். தேரைச் செய்யவைத்தவர் பரதவர் குலத்தின் சாதித்தலைவராக இருந்தவர். தங்கத்துக்கு வழிசெய்தது கடல்.

முத்தைச் சொல்லாமல் இந்த ஊரைத் தாண்டமுடியாது. கொஞ்சம் நின்று சொல்கிறேன். சலாபம் என்பது இன்றைக்கு எல்லோரும் கற்பனை செய்கிற மாதிரி ஒற்றை ஆள் தண்ணீருக்குள் பாய்ந்து முத்தோடு எழும்புகிற காட்சி அல்ல. அது ஒரு சந்தை. பாரில் சிப்பி முற்றியிருக்கிறது என்று சோதித்து அரசாங்கம் நாள் குறிக்கும். பங்குனி, சித்திரை வாக்கில் கரையோரம் ஓலைக் கொட்டகையில் ஓர் ஊரே முளைக்கும். நடுச்சாமத்தில் தரைக்காற்றுக்குப் பாய் விரித்துப் போகிற தோணிகள், பகல் திரும்பினதும் கடல்காற்றில் கரைக்கு வரும். குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்; மூச்சுப் பிடித்துக் கிடைக்கிற ஒரு நிமிஷத்தில் வாரியதைக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைப்பார்; மேலே கயிறு பிடிக்கிறவர் இழுப்பார். கயிற்றைப் பிடிக்க மைத்துனனை வைத்துக்கொள்வார்கள் என்று கடற்கரை ஊர்களில் சொல்வதுண்டு. தங்கை தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா.

கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் போடுவார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அந்த ஒன்றிலிருந்தும் கயிறு பிடித்தவருக்கு, தோணிக்காரருக்கு, சுறா வராமல் மந்திரித்துக் கட்டுகிற கடல்கட்டிக்கு என்று பிரிந்துபோகும். அரசாங்கத்தின் இரண்டு குவியலையும் அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, குருட்டு ஏலம். வாங்கினவர் அதை நாள்கணக்கில் அழுகப்போட்டு, புழுத்த சதையைக் கழுவி முத்தைத் தேடுவார். மைல்கணக்கில் நாற்றம் வீசும். அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் செட்டிகளும் மரைக்காயர்களும் வடநாட்டு வியாபாரிகளும் இரவானதும் பொழுதுபோக்குத் தேடினார்கள். மன்னார்ப் பக்கம் சிலாவத்துறையில் நடந்த சலாபத்தைப் பார்த்து எழுதிய ஐரோப்பியர்கள் செப்படி வித்தைக்காரரையும் பாம்பாட்டியையும் ஆட்டக்காரிகளையும் மறக்காமல் குறித்துவைத்திருக்கிறார்கள். மாலை, நடனம், சாப்பாடு என்கிற ஏற்பாடு சொகுசுக் கப்பலோடு வந்ததில்லை. காசு எங்கே குவிகிறதோ அங்கே சலங்கை போய்ச் சேரும்.

இந்தக் கரையில் பரதவர்கள் கத்தோலிக்கரானதற்குப் பின்னாலும் இதே பங்குக் கணக்கு இருந்தது. முத்துக்குளிக்கிற உரிமை யாருக்கு என்ற தகராறில் போர்த்துக்கீசியரின் துணையைத் தேடினார்கள். 1530-களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-இல். 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர். கொடி மாறிக்கொண்டே இருந்தது, குவியல் போடுகிற வழக்கம் அவ்வளவாக மாறவில்லை. 1955-இலிருந்து 1961 வரை வருஷந்தோறும் தூத்துக்குடியில் சலாபம் நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு பார் விளையவில்லை. 1973-இல் இங்குள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானி சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார். இந்தியாவில் அது முதல்முறை. ஆனாலும் ஊரில் முத்து வியாபாரம் முளைக்கவில்லை. ‘முத்துநகர்’ என்ற பெயர் சென்னை ரயிலில் ஓடுகிறது. குளியாளிகளின் பேரன்கள் சங்கு குளிக்கிறார்கள். கல்லுக்குப் பதில் கம்ப்ரசர் குழாய். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் கையில் வளையலாகிறது.

கோயிலிலிருந்து வருகிற வழியில் மக்ரூன் வாங்கினேன். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, மூன்றே சாமான். கூம்பு கூம்பாக, வாயில் போட்டால் கரைந்துவிடும். தம்பியிடம் நீட்டினேன். முட்டை இருக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் அஸ்தமனத்துக்குச் சரியாகப் போய்ச்சேர்ந்தோம். பாத்திதோறும் ஒரு சூரியன் கிடந்தது. உப்புக்கு இது சீசன் முடிகிற நேரம். வடகிழக்கு மழை இறங்குவதற்குள் அம்பாரத்தை மூடியாக வேண்டும் என்று பனையோலையும் தார்ப்பாயும் ஏறிக்கொண்டிருந்தன. குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு விளைகிற மாநிலம் தமிழ்நாடு, அதில் பெரும்பகுதி இந்த மாவட்டத்துடையது. வேலை முடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் நான் சூரியனைப் படம் எடுப்பதைப் பார்த்து, “வெயில் இருந்தப்பமே வந்திருக்கலாம்லா, நல்லா வெள்ளையாத் தெரியுமே” என்றார். நாள் முழுக்க அந்த வெள்ளையில் நின்ற கண்கள் சிவந்திருந்தன.

அங்கிருந்து தெற்கே திருச்செந்தூர் சாலை. பழையகாயல் வந்தது. மார்க்கோ போலோ குதிரைகளும் முத்துமாக வர்ணித்த காயல் இதுதான். இன்றைக்கு ஒரு பேருந்து நிறுத்தம். உள்ளே தள்ளிப் போனால் பாண்டியர் துறைமுகமான கொற்கை. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. கொற்கையில் இன்று அலைச் சத்தம் கேட்காது. முக்காணியில் ஆற்றைக் கடந்தால் ஆத்தூர், வெற்றிலைக் கொடிக்காலின் ஈரவாசனை காருக்குள் வருகிறது. புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. அது வரைக்கும் சாலை அமைதியாகத்தான் இருந்தது.

ஆத்தூரைத் தாண்டியதும் முதல் காளியைப் பார்த்தேன். மினி லாரியின் பின்பக்கம், கிரீடமும் சடைமுடியும் காற்றில் ஆட, நாக்கு நெஞ்சு வரை தொங்க, செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வேனில் ஒரு கரடி, இரண்டு குறத்திகள், ஒரு எமன். அதற்கடுத்து டிராக்டர் நிறைய மேளக்காரர்கள். திருச்செந்தூர் தாண்டியபின் கார் நகரவில்லை. குலசேகரன்பட்டினத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தோம்.

குலசை முத்தாரம்மன் ஞானமூர்த்தீஸ்வரரோடு ஒரே பீடத்தில் இருக்கிறாள். கொடியேறியதும் பக்தர்கள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம், அம்மன் மகிஷனை வதைக்கும்போது கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் தசரா குலசையில் மட்டும் நடப்பதில்லை. அதற்கு வாரக்கணக்கில் முன்பே ஊருக்கு ஊர் ஓலையில் தசராக் குடில் போட்டு, விரதக்காரர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். எந்த வேஷத்துக்கு எத்தனை நாள் விரதம் என்று கணக்கு உண்டு. காளிக்குத்தான் கடுமை அதிகம். 48 நாள், 41 நாள் என்று இருக்கிறவர்கள் உண்டு. தீராத நோய் தீர்ந்தால் வேஷம், பிள்ளை பிறந்தால் வேஷம், வேலை கிடைத்தால் வேஷம். அப்படிக் கட்டினவர்கள் வீடு வீடாக, கடை கடையாக ஆடிக் காணிக்கை எடுக்கிறார்கள். வீட்டில் பஞ்சமில்லாதவரும் பிச்சைக்காரன் வேஷம் போட்டுத் தட்டேந்துகிறார். சேர்ந்த காசு முழுக்க அம்மன் உண்டியலுக்கு.

“முழுக்கவா?” என்று கேட்டேன்.

“முழுக்க. ஒரு டீ குடிக்கக்கூட அதுல கை வைக்க மாட்டோம்.”

“அப்போ மேளம், வேன், டிரெஸ்ஸெல்லாம்?”

“அது எங்க செலவு அண்ணாச்சி. நாங்க பத்துப் பன்னிரண்டு பேரு வரி போட்டுக்கிடுதோம். மேளக்காரருக்குப் பேசின காச குடுத்திரணும். அவிய தொழிலுக்கு வாராவ. நாங்கதான் நேர்ச்சைக்கு ஆடுதோம்.”

கோயிலுக்குப் போகிற தெருவில் நடக்க இடமில்லை. இருபதடிக்கு ஒரு செட். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு மேளம். இரண்டு மேளம் எதிரெதிரே வந்தால் வேகம் ஏறும், எந்தப் பக்கத்துத் தாளம் எந்தக் காலுக்கு என்று புரியாது. இலக்கணம் படித்தவர் கண்ணால் பார்த்தால் இதில் பாதி ஆட்டமே இல்லை. ஒரு காளி ஒரே இடத்தில் நின்று குதிகாலை மட்டும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார், கால் மணி நேரமாக, முகத்தில் ஓர் அசைவு இல்லாமல். பக்கத்தில் காசு கொடுத்துக் கூட்டிவந்த கரகாட்டக்காரி ஒருத்தி குடத்தைத் தலையில் வைத்தபடி குனிந்து தரையிலிருந்த ரூபாய் நோட்டைக் கண்ணிமையால் எடுத்தாள். கூட்டம் அவளுக்குக் கை தட்டியது. காளிக்கு யாரும் தட்டவில்லை. கும்பிட்டார்கள், காலில் தண்ணீர் ஊற்றினார்கள்.

எனக்கு அந்தக் கரகாட்டத்தைத்தான் அதிகம் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளத்துக்கு ஆடுகிறவளிடம் வித்தை இருந்தது. நேர்ச்சைக்கு ஆடுகிறவரிடம் இருந்தது வேறு. ரசிக்கிறவனாக நான் அதன் முன்னால் நிற்கவே தேவையில்லை. அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

எல்லாம் பக்தி மயம் என்றும் இல்லை. குத்துப்பாட்டும் அரைகுறை உடை ஆட்டமுமாகச் சில குழுக்கள் சென்னையிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்ததில் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், ஆபாச ஆட்டத்துக்குத் தடை வந்தது. சாதிக் கொடி, சாதி ரிப்பன், இரும்பு ஆயுதம் கூடாது என்று காவல்துறை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சொல்ல வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். தெருமுனையில் போக்குவரத்தை ஒழுங்குசெய்துகொண்டிருந்த போலீஸ்காரரிடம் வழி கேட்டேன். அவர் தட்டை நீட்டினார்.

பக்கத்திலேதான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டாம், சிறிய ராக்கெட்டுக்கு எரிபொருள் மிச்சம் என்பது கணக்கு. சூரசம்ஹாரத்தன்று ராக்கெட் விடமாட்டார்கள் என்று தம்பி உறுதியாகச் சொன்னார். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “விடுவாவளா? கூட்டத்த எங்க கொண்டு வைப்பாவ?” என்றார்.

சாப்பாடு அன்னதானப் பந்தலில். பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம், ஒரு கரண்டி தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். வரிசையில் எனக்கு முன்னால் அனுமார், வாலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பரிமாறினவர் திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறவர். வருஷம் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து கரண்டி பிடிக்கிறாராம். ஓட்டல் பஃபேயோடு ஒப்பிட மாட்டேன். பசியில் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றேன் என்பது போதும்.

திரும்பித் தூத்துக்குடிக்கு வர நடுச்சாமம் ஆகிவிட்டது. அந்நேரத்துக்கும் பரோட்டாக் கல் சூடாகவே இருக்கிற ஊர் அது. எனக்கு மறுபடி பசித்தது. தம்பி வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு கடுங்காப்பி வாங்கிக் குடித்தார். நான் சால்னா ஊற்றிய இரண்டு பரோட்டாவோடு உட்கார்ந்தேன். பாதியில் மேளச் சத்தம். எமன் ஒருவர், கையில் பாசக்கயிறு, கூட நாலு பேர், கல்லுக்கு முன்னால் வந்து ஆடினார். பரோட்டா மாஸ்டர் மாவுக் கையோடே கல்லாப் பெட்டியைத் திறந்து இருபது ரூபாய் எடுத்துத் தட்டில் போட்டார். எமன் அவர் நெற்றியில் திருநீறு பூசினார். மாஸ்டர் திரும்பி அடுத்த உருண்டையைத் தட்டினார்.

வண்டியில் ஏறும்போது தம்பி கேட்டார், “நீங்க போட்டியளா?”

“போட்டேன். பத்து ரூபாய்.”

“போட்டுட்டு பேர் சொன்னியளா? சொல்லணும் அண்ணாச்சி. உண்டியல்ல போடும்போது நாங்க பேரெல்லாம் நெனச்சுக்கிட்டுதான் போடுவோம்.” பிறகு ஸ்டேஷன் போகிற வழியில், பத்தாம் நாள் தான் கட்டப்போகிறது என்ன வேஷம் என்று நான் கேட்காமலே சொன்னார். இந்த வருஷம் குறத்தியாம். அவர் மனைவி சேலை எடுத்துவைத்தாயிற்று. ரவிக்கைதான் இன்னும் தைத்து வரவில்லை.